கடைசிப் பாதை இல்லாத ஒரு நாள்

கொக்கட்டிச்சோலை,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகின்றேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கின்றோம். நீயும் மருமகனும் பேத்தியும் சுகமாக இருக்கத் தான்தோன்றீஸ்வரர் துணை நிற்க வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு நீ அனுப்பிய பணத்தோடு ஒரு கட்டளையையும் சேர்த்தே அனுப்பியிருந்தாய். அதில் ஒரு சதமேனும் கூரைக்கோ வயலுக்கோ போகக் கூடாது, இருவரும் வீட்டை விட்டு வெளியே போய்த் தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, விரும்பியதை வாங்கி வர வேண்டும் என்று சொல்லியிருந்தாய். சென்ற கிழமை அதை நிறைவேற்றினோம். தொலைபேசியில் நீ கேட்டபோது அம்மா "நல்லா இருந்திச்சு" என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிட்டார். அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்காத ஒரு நாளை நீ அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகின்றேன்.

நுவரெலியாவுக்குப் போகலாம், பாசிக்குடாவில் தங்கலாம் என்றெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. "எனக்கு டவுனை ஆறுதலாப் பார்க்கணும்" என்றார். வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணம்கூட இல்லாத இடத்துக்கு விடுமுறையில் போவதா என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் அம்மா சொன்ன "ஆறுதலா" என்ற அந்தச் சொல் இரவு முழுவதும் என் காதில் நின்றது. திருமணமாகி முப்பத்தாறு ஆண்டுகளில் நாங்கள் ஒரு தடவையேனும் மட்டக்களப்பு நகரில் ஆறுதலாக நின்றதில்லை.

உனக்கு அந்தக் காலம் கொஞ்சம் நினைவிருக்கும். மண்முனையில் பாலம் 2014ஆம் ஆண்டுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு களப்புக்கு மேற்கே இருக்கும் நம் படுவான்கரையிலிருந்து கிழக்கே இருக்கும் எழுவான்கரைக்குப் போக வேண்டுமானால் துறையில் காத்திருந்து, மிதவைகளின்மேல் பலகை அடித்த, நாம் "பாதை" என்று சொல்லும் அந்தத் தெப்பத்தில் சைக்கிளோடும் மூட்டையோடும் ஏறி நின்றுதான் களப்பைக் கடக்க வேண்டும். போர்க்காலத்தில் அதனோடு சோதனைச் சாவடிகளும் சேர்ந்துகொண்டன. காலையில் புறப்பட்டவர்கள் நகருக்குள் கால் வைக்கும்போது பாதி நாள் போயிருக்கும். மீதிப் பாதி நாளில் மருந்து, பாடப் புத்தகம், மண்ணெண்ணெய் என்று எழுதிக் கொண்டுபோனவற்றை ஓடி ஓடி வாங்கிக்கொண்டு, கடைசிப் பாதை போய்விடுவதற்குள் துறைக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த ஓட்டத்தில் ஒரு சேலைக் கடையின் படியேறிப் பத்து நிமிடம் நின்று பார்க்க அம்மாவுக்கு வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதை நான் கவனிக்கவுமில்லை. அதுதான் எனக்கு இப்போது வலிக்கின்றது.

கல்லடியில் கடற்கரைக்கு அருகே ஒரு சிறிய விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினோம். நடுவில் கிடைத்த முழு நாளில் அம்மா வழக்கம்போல் நான்கரை மணிக்கே எழுந்துவிட்டார். மூட்டுவதற்கு அடுப்பில்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் அமர்ந்திருந்தவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு அம்மா அந்தக் கடலின் முன்னால் நின்றதில்லை. சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "பசிக்குது" என்றார். அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல் முறை என்று நினைக்கின்றேன்.

தெருவோரத்தில் ஓலைத் தட்டி மறைத்த ஒரு சிறு கடையில் காலை உணவு. குழலிலிருந்து அப்போதுதான் தள்ளிய அரிசிமாப் புட்டு, பால் ஆணம், பொரித்த ஓரா மீன், கட்டைச் சம்பல். கடைக்கார அம்மா தேங்காய்ப்பூவை அள்ளித் தாராளமாகப் போட்டிருந்தார். புட்டை அம்மா விரலால் உதிர்த்துப் பார்த்து, மாவை வறுத்த பதம் சரி என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு இன்னொரு குழல் கேட்டு வாங்கினார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் மிஞ்சுவதை வழித்துச் சாப்பிடுகின்ற அம்மா, சூடு ஆறாத புட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டாம் முறை கேட்டு வாங்கியதை நீயும் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு பழைய கல்லடிப் பாலத்தின் வழியாக நடந்தே போனோம். 2013இல் புதிய பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் எல்லாம் அதில் போய்விடுவதால், இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நின்று களப்பைப் பார்க்கலாம். வலை இழுப்பவர்களை அம்மா நெடுநேரம் பார்த்தார். கச்சான் காற்று அன்று இன்னும் எழும்பவில்லை. நகரத்தில் கோட்டையைச் சுற்றிப் போனோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிப் பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் இழந்த அந்தக் கோட்டைக்குள் மாவட்டச் செயலகமான கச்சேரி இருந்த காலத்தில், காணி அலுவலாக எத்தனையோ தடவை போயிருக்கின்றேன். அம்மா அதன் மதிலை மட்டும் பார்த்துவிட்டு, காந்திப் பூங்காவில் தண்ணீரைப் பார்த்தபடி உட்காருவோம் என்றார். உட்கார்ந்தோம். பதினொரு மணியானதும் அம்மா திடுக்கிட்டு எழுந்து, "பாதை போயிடும்" என்றார். அந்தத் துறையில் பாதை நின்று பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல. மனம் அறிந்ததை உடம்பு இன்னும் அறியவில்லை. கையைப் பிடித்து மறுபடியும் உட்கார வைத்தேன்.

சந்தையில் அம்மா முதலில் நின்றது, பன் என்ற புல்லில் பின்னும் பன்பாய் விற்ற இடத்தில். பாயை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னலின் இடைவெளியைப் பார்த்தார். பன்னை முற்றவிட்டு அறுத்தால் பாய் முறியும், இளசாக அறுத்தால் சுருங்கும் என்று விற்கின்ற பெண்ணோடு பேசத் தொடங்கி, சாயம் காய்ச்சுவது வரைக்கும் பேச்சுப் போனது. விலை பேசியதைவிடப் பாயைப் பற்றிப் பேசிய நேரமே அதிகம். சிவப்பும் பச்சையும் கோடு வைத்த ஒரு பாயும், பனையோலைப் பெட்டி இரண்டும் வாங்கினோம். சுளகு ஒன்றையும் எடுத்தபோது, "வீட்டில் மூன்று இருக்கிறதே" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அன்றைய பணம் அம்மாவின் பணம்.

மதியச் சாப்பாட்டுக்கு நகருக்குள் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நண்டுக்கறி நன்றாக இருக்கும் என்று பரிமாறிய தம்பி சொன்னதும் நான் தலையசைத்தேன். அம்மா தடுத்துவிட்டார். பௌர்ணமிக்கு இரண்டு நாள்தான் இருந்தது, நிலவு காலத்து நண்டில் ஓடுதான் இருக்கும், சதை இராது என்பது நம் களப்புக்கரையாரின் கணக்கு. அந்தத் தம்பியும் சிரித்து, "உம்மாவும் அப்படித்தான் சொல்லுவா" என்று ஒப்புக்கொண்டு, இறால் பிரட்டலையும் சுறா வறையையும் கொண்டுவந்தார். அவரே கேட்காமல் முருங்கையிலை வறையும் வைத்தார். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த சொல்லுக்கு இடையில் எத்தனையோ காயங்கள் பட்டுவிட்டன. ஆனாலும் அந்த மேசையில் அது உண்மையாகவே இருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இறாலை அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, தலையைத் தனியே வைத்து உறிஞ்சி, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். இறால் தலை அம்மாவுக்குப் பிடிக்கும் என்பதை நான் அறிந்த நாள் அது. வீட்டில் இறால் வாங்கினால் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சமைப்பார், ஏனென்றால் எனக்கு அந்த வாடை ஆகாது.

வெயில் தாழ்ந்த பிறகு ஆட்டோவில் காத்தான்குடிக்குப் போனோம். வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களை அம்மா பஸ்ஸின் சன்னலுக்குள்ளிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பாரோ, இறங்கிக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது அன்றுதான். அங்கே மூன்று துணிக்கடைகள் ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் மருதமுனை நெசவுச் சேலைகள் தனி அடுக்காக இருந்தன. கடைக்காரப் பெரியவர் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, "மறுகா என்னம்மா காட்டட்டும்?" என்று சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையைப் பார்க்கவில்லை, கரையோரத்தைத்தான் பார்த்தார். கைத்தறியில் நெய்யும்போது துணி சுருங்காமலிருக்க இரு ஓரத்தையும் இழுத்துப் பிடிக்கும் கோலின் ஊசிகள் குத்திய நுண்ணிய துளைகள் அங்கே வரிசையாக இருக்கும் என்றும், மெசின் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்றால் அதை வைத்து ஓரளவு கண்டுபிடிக்கலாம் என்றும் எனக்குக் காட்டித் தந்தார். இதை எங்கே படித்தீர் என்று கேட்டேன். தன் அம்மா சொல்லித் தந்ததாம்.

அம்மாவின் பெட்டியில் இருக்கும் சேலைகளை நினைத்துப் பார். மண்நிறம், சாம்பல், கடும் பச்சை. அழுக்குத் தெரியாத நிறம், நாலு இடத்துக்கு ஒன்றாகக் கட்டக்கூடிய நிறம் என்று பார்த்துப் பார்த்தே வாங்கியவை. அன்று முதலில் கை போனதும் ஒரு சாம்பல் நிறச் சேலைக்குத்தான். அதை மடித்து வைத்துவிட்டு, அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்கவுமில்லை. "இது" என்று பெரியவரிடம் நேரே சொன்னார். ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம் அந்தக் கடையில் இருந்திருப்போம். நான் ஒரு முறையும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று உனக்கு உறுதியாகச் சொல்லுகின்றேன். எனக்கும் உடுக்க ஒரு சாரம் வாங்கினார்.

திரும்பும் வழியில் கஜு அரைக் கிலோ, ஒரு வெள்ளரிப்பழம், ஒரு சட்டி எருமைத் தயிர். தயிர் விடயத்தில் அம்மாவைத் திருப்திப்படுத்துவது எளிதல்ல, படுவான்கரைப் பெண் அல்லவா? கொழுப்பு மிகுந்த எருமைப்பாலும், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் மண்சட்டியும் சேர்ந்தால்தான் கவிழ்த்தாலும் விழாத தயிர் கிடைக்கும். சட்டியைச் சாய்த்துப் பார்த்த பிறகே காசு கொடுக்கச் சொன்னார். இரவு கொத்து ரொட்டி வாங்கி, விடுதி முற்றத்தில் அமர்ந்து இருவரும் ஒரே பொதியிலிருந்து சாப்பிட்டுவிட்டு, தயிரில் கித்துள் பாணி விட்டுக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டோம்.

ஒன்பதரை மணிக்கு மறுபடியும் பழைய பாலத்துக்குப் போகலாமா என்று கேட்டது அம்மாதான். நிலவு களப்பின்மேல் விழுந்திருந்தது. நிலவு இரவில் இந்தக் களப்புக்குள்ளிருந்து கேட்கும் என்று சொல்லப்படும் பாடும் மீனின் ஓசையை அம்மா சிறு வயதில் தன் அப்பாவின் தோணியிலிருந்து, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்டிருக்கின்றார். இந்தக் கதையை இத்தனை ஆண்டுகளில் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல நேரம் இருக்கவில்லை என்றார். பாலத்திலிருந்து எங்களுக்கு மீன் ஓசை கேட்கவில்லை. ஆனால் அந்தத் தோணியின் கதை முழுவதையும் கேட்டேன். அறைக்குத் திரும்பும்போது பதினொரு மணி கடந்துவிட்டது. அம்மா பாதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உனக்கும் மருமகனுக்கும் எடுத்த துணிகளையும் கஜுவையும் அடுத்த மாதம் அங்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகின்றேன். பேத்தியின் சட்டை அளவை எழுதி அனுப்பு, மருதமுனைத் துணி இரண்டு யார் நீளத்தில் தனியாக இருக்கிறது. மஞ்சள் சேலையை அம்மா தேருக்குக் கட்டுவதற்கென்று வைத்திருக்கின்றார். பன்பாயை உள்ளறையில் சுருட்டி வைத்திருக்கின்றோம். தேருக்கு நீங்கள் வந்தால், பேத்தி படுப்பதற்கு அதைத்தான் விரிக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா