11 மணி மாத்திரை: சமூக நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையைச் சுற்றி மூத்தோர் இல்லங்கள் எப்படிப் பெருகியிருக்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில், அன்றாட வேலைகளுக்குத் துணை தேவைப்படுவோர் பிரிவில், என் அம்மா 14 மாதங்கள் இருந்தார். வயது 79. பார்க்கின்சன் நோய்.

அந்த நோய்க்குக் கடிகாரம்தான் பாதி வைத்தியர். அம்மாவுக்கு லெவோடோபா மாத்திரை காலை 7, 11, பிற்பகல் 3, இரவு 7 என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நேரம் தவறினால் உடம்பு கட்டையாக இறுகிவிடும். பருப்பு, தயிர் என்று வயிறு நிறைந்திருக்கும்போது கொடுத்தால் பலருக்கு அது சரியாக வேலை செய்யாது. சேர்க்கும்போதே இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

புதிதாக ஒரு மேலாளர் வந்தார். முன்பு ஓட்டலில் வேலை பார்த்தவர். கனிவான பேச்சு, உபசரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆளுக்கொரு நேரத்தில் மாத்திரை கொடுப்பது ஊழியர்களுக்குச் சிரமமாக இருக்கிறது என்று, எல்லாருக்கும் மூன்று வேளை, சாப்பாட்டோடு என்று வந்த வாரமே மாற்றினார். அம்மாவின் 11 மணி மாத்திரை 1 மணிக்குப் போனது, சாம்பார் சாதத்தோடு.

அடுத்த மூன்று நாட்கள் இல்லத்துப் பதிவேட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். முதல் நாள், 12.10: “குளியலறைக்கு வர மறுக்கிறார்.” இரண்டாம் நாள், 12.30: “பிடிவாதம். ஒத்துழைப்பு இல்லை.” மூன்றாம் நாள், 12.15: “கீழே விழுந்தார்.”

கால் தரையோடு ஒட்டிக்கொண்டு, எடுத்து வைக்க வராமல் நின்றவரைப் பற்றிய வரிகள் அவை. பிடிவாதமாம். ஒவ்வொரு வரிக்கும் கீழே மேலாளரின் கையெழுத்து இருக்கிறது. இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, இப்போது படுக்கை. மருத்துவமனைக்குப் பழங்களோடு வந்தவர், “தெரியாமல் நடந்துவிட்டதம்மா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்துகொண்டு வா என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆகவேதான் இந்த மடல் அவருக்கல்ல, உங்களுக்கு.

மூத்தோர் இல்லத்தின் மேலாளருக்குப் பயிற்சி, தேர்வு, உரிமம் மூன்றையும் கட்டாயமாக்குங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் முதியோர் இல்லங்களின் தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்கிறது. மேலாளரின் தகுதி பற்றி ஒரு வரி இல்லை. பராமரிப்பு இல்லங்களுக்குப் பதிவைக் கொண்டுவர இருந்த 2019ஆம் ஆண்டுத் திருத்த மசோதா, 2024இல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியாகிவிட்டது. பெண்கள் விடுதி நடத்த உரிமம் வேண்டும் என்று 2014இல் சட்டம் போட்ட மாநிலம் இது. பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் நடத்துநருக்கும் உரிமம் வேண்டும். அதற்கு முதலுதவிச் சான்றிதழும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பயணி இரண்டு மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார். என் அம்மா 14 மாதங்கள் அங்கே இருந்தார்.

கலிஃபோர்னியாவில் இதே வேலைக்கு 80 மணி நேரப் பயிற்சி, பிறகு தேர்வு, அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 40 மணி நேரப் படிப்பு. அமெரிக்காவைப் பார் என்று சொல்வது எனக்கே பிடிக்காத பேச்சு. ஆனால் இங்கே இல்லங்களின் விளம்பரங்கள் எல்லாம் “அமெரிக்கத் தரம்” என்றுதானே தொடங்குகின்றன? மலை தெரியும் பால்கனி, வளாகத்துக்குள்ளேயே பிள்ளையார் கோயில், காலையில் யோகா, மாலையில் கச்சேரி. மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்பது மட்டும் எந்த விளம்பரத்திலும் இல்லை.

புகார் கொடுக்கப் போன ஓர் அலுவலகத்தில், “வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கலாமே” என்றார் ஒருவர். இரவுப் பணியும் உண்டு எனக்கு. துணைக்கு ஆள் வைத்து, நான்கு பேர் மாறி, கடைசியில் ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்ட பிறகுதான் அங்கே சேர்த்தேன் என்று அவரிடம் விளக்கவில்லை. பெற்றவளை இல்லத்தில் விட்டவள் அடி வாங்கினால் என்ன, தகும் என்பது இந்த ஊரின் பொதுத் தீர்ப்பு. அடி வாங்கியது நான் அல்ல, அம்மா என்பது அந்தத் தீர்ப்பு எழுதுவோருக்கு உறைப்பதில்லை.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

பயிற்சியை யார் நடத்துவது என்ற கேள்விக்கு இங்கே இடம் இருக்காது என்று நம்புகிறேன். முதியோர் மருத்துவத்துக்கென்று 1978லேயே தனிப் பிரிவு தொடங்கியது சென்னை அரசு பொது மருத்துவமனை. கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டுவிட்டது. எந்த மாத்திரையின் நேரத்தைத் தொடக் கூடாது, மறதி நோய் உள்ளவரின் கோபம் எதனால் வருகிறது, படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி என்ன, எப்போது 108ஐ அழைக்க வேண்டும்: இவற்றைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய இல்லங்கள் தாங்காது என்பார்கள். ஓராண்டு அவகாசம் கொடுங்கள். இலவசமாக நடத்துகிறவர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்தை அரசே ஏற்கட்டும். ஆனால் தேர்வில் தேறாதவர் கையில் பதிவேட்டைக் கொடுக்காதீர்கள். உரிமத்தை வாசலில் மாட்டச் சொல்லுங்கள். சேர்க்க வருகிறவர்கள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

பயிற்சி, தேர்வு, உரிமம். மீண்டும் பணிவோடு கேட்கிறேன்.

இதற்கு ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வேலையிலிருந்து நீண்ட விடுப்பில் வீட்டில்தான் இருக்கிறேன். தொலைபேசியில் அழைப்பதானால் 11 மணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது அம்மாவின் மாத்திரை நேரம்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
கோயம்புத்தூர்