கத்தியை ஒளித்துவைத்த அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

குலசேகரம் பக்கத்து எங்கள் ஊர் மக்களுக்கு வணக்கம்.

என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் வழுக்கி, பாறையில் தலை அடிபட விழுந்து ஒரு மாதம் ஆகிறது. நேரில் சொல்ல வந்தால் அழுகைதான் முந்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

விடியுமுன் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன்தான் முதலில் கவனித்தார். இவருடைய தலை லைட் மரத்துக்கு மரம் நகராமல் தரையோடு ஒரே இடத்தில் கிடந்திருக்கிறது. ஓடிவந்தவர் தூக்கி உட்கார வைக்கவில்லை; கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட்டார். அண்ணா, அந்த நிதானத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

ஆம்புலன்சில் இவர் "பால் எடுத்தாச்சா?" என்று கேட்டார். எடுத்தாச்சு என்றேன். மறுபடி அதே கேள்வி. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி சேரும்வரை அதே கேள்விதான். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆனாலும் மூளை அதிர்ந்திருக்கிறது, இரண்டு நாள் தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்ணின் கருமணி மட்டும் பெரிதானாலோ, வலிப்பு வந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். தூங்கவே விடக்கூடாது என்று பயந்திருந்த என்னிடம், "தூங்கட்டும்மா, தூக்கம் நல்லதுதான். இன்னைக்கு ராத்திரி இடையில எழுப்பி பேரும் ஊரும் கேளுங்க" என்றார். அத்தனையையும் துண்டுச்சீட்டில் எழுதித் தந்த நர்ஸ் தங்கச்சிக்கும் சேர்த்து நன்றி.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலவீட்டுச் சித்தி இரண்டு ராத்திரி என்னோடு விழித்திருந்தார். ஒரு மணிக்கு எழுப்பி, "நான் யாரு மக்கா?" என்றார். "சித்தி, போய்ப் படுங்க" என்று இவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த வாரம் கோயில் கொடைத் திருவிழா. இவருக்குச் சத்தமும் வெளிச்சமும் ஆகவில்லை. நான் வாய் திறந்து கேட்கவேயில்லை. கமிட்டித் தம்பிமார் தாங்களாகவே எங்கள் வீட்டைப் பார்த்திருந்த கோளாம்பி ஒலிபெருக்கியை மறுபக்கம் திருப்பிக் கட்டினார்கள்.

நாலாம் நாள் இவர் இருட்டிலேயே எழுந்து பால்வெட்டுக் கத்தியைத் தேடினார். காணோம். ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி பட்டால் ஆபத்து என்று நான் சொன்னதைக் கேட்டு, அண்ணன் அதை எடுத்துப்போயிருந்தார். தன் மரங்களோடு எங்கள் மரங்களையும் அவரே வெட்டி, பால் எடுத்து, ரப்பர் ஷீட்டும் அடித்து வைத்தார்.

போன திங்கட்கிழமை, டாக்டரம்மா சரி என்ற பிறகு, கத்தியைத் தீட்டிக் கொண்டுவந்து தந்தார். இப்போது விடியுமுன் வாசலில் நின்று பார்க்கிறேன். இரண்டு வெளிச்சமும் பக்கத்துப் பக்கத்தில் மரத்துக்கு மரம் நகர்கின்றன.