செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டங்களில் பெரும்பொழுதை விழுங்கியது ஒரே கேள்விதான்: பிளாஸ்டிங் துகளை (உலோகப் பரப்பைத் துப்புரவாக்கக் காற்றழுத்தத்தால் பீய்ச்சும் துகளை) எப்போது மாற்றுவது? இத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்றார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஃகு ஷாட் எனும் உருண்டைத் துகள் நூற்றுக்கணக்கான சுற்றுகள் தாங்கும். கார்னெட் எனும் கனிமத் துகள் சில சுற்றுகளிலேயே பொடியாகிவிடும். காற்றழுத்தத்தைக் கூட்டினால் எதன் ஆயுளும் குறையும்.

செய்முறைக் கூட்டத்தில் புதிய கண்ணாடி மணியையும் பல நாள் ஓடிய மணியையும் கறுப்புத் தாளில் பரப்பி, உருப்பெருக்கியில் பார்த்தோம். புதியது முத்துமுத்தாக இருந்தது. பழையதில் கண்ணில் பட்டதெல்லாம் கூரிய சில்லு. துருப்பிடிக்காத எஃகில் சீரான மென்பளபளப்பு வேண்டிய இடத்தில் அந்தச் சில்லு கீறலைத்தான் போடும். கடினம் குறைந்த எஃகு கிரிட் (கூர்முனைத் துகள்) இதற்கு நேர்மாறு. முனை மழுங்கி உருண்டையாகிவிடும். பரப்பில் சொரசொரப்புக் குறைந்து பெயிண்டின் பிடிமானம் தளரும். பரப்பின் மேடுபள்ளத்தை அச்செடுக்கும் ரெப்ளிகா டேப்பை அழுத்தி மைக்ரான் கணக்கில் அளந்துவிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

எஃகுத் துகளை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பும் பழக்கத்தை விடுவது நல்லது. பெரிய துகள் ஓங்கி அடிக்கும், சிறியது விடுபட்ட இடங்களைத் துப்புரவாக்கும். இரண்டும் கலந்திருந்தால்தான் வேலை சீராக வரும். ஆகவே அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தூசித் தொட்டியையும் கிளறிப் பாருங்கள். அங்கே நல்ல துகள் கிடந்தால் தூசியையும் நல்ல துகளையும் பிரிக்கும் பிரிப்பானின் காற்றோட்டம் மிகுதி என்று பொருள்.

எண்ணெய் கலந்துவிட்டால் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது. சீசாத் தண்ணீரில் துகளைப் போட்டுக் குலுக்கி, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், நேற்று வாங்கியதானாலும் கழித்துவிட வேண்டும்.

வேலை மந்தமானால் துகள்மீதே பழி போடுகிறோம். துகளைப் பீய்ச்சும் குழல்முனையான நாசிலின் துளை, புதிதில் இருந்ததைவிட 1.5 மி.மீ. அகன்றிருந்தால் புதுத் துகளாலும் பயனில்லை, நாசிலைத்தான் மாற்ற வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மணலைப் பயன்படுத்தலாமா எனவும் கேட்கப்பட்டது. கூடாது. மணலிலிருந்து எழும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். பிரிட்டன் 1949 விதிகளிலேயே இதைத் தடை செய்துவிட்டது.

ஈயப் பெயிண்ட் உரித்த கழிவைத் தனியே சேர்த்து வைக்குமாறு நினைவூட்டுகிறேன். சங்கத்தின் சல்லடைகளை இரவல் பெற்றவர்கள், அடைபட்ட துகளைத் தட்டிவிட்டுத் திருப்பித் தரவும்.

செயலாளர்