செக்‌ஷன் 17 வீட்டிலிருந்து

கூடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். போன வாரம் நான் கரண்ட் இணைப்புக்காகப் புலம்பியபோது, "கவர்மென்ட் சட்டம் போட்டா போட்டதுதான்ப்பா, நாம என்ன செய்ய முடியும்" என்றாயே, அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமந்தவன் மகள் பேசுகிற பேச்சா அது?

சட்டம் போட்டால் போட்டதுதான் என்பதில்லை என்று நாட்டுக்கே காட்டிக்கொடுத்தது நம் ஊர் மண், அது உனக்குத் தெரியுமா? இந்தப் பக்கத்து நிலமெல்லாம் பெரும்பாலும் கேரளத்து ராஜ குடும்பமான நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமையாக இருந்த நிலம், எஸ்டேட்காரர்கள் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை போட்டார்கள். 1969-இல் தமிழ்நாடு அரசு ஜென்மத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதில் எஸ்டேட் குத்தகைகளைப் பற்றிப் பேசுவதுதான் 17-ஆவது பிரிவு, தாத்தா சிலோனிலிருந்து வந்து வீடு போட்ட இந்த இடத்தையும் சேர்த்து ஊரே "செக்‌ஷன் 17" என்கிறதே, அது.

எஸ்டேட் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. 1972-இல் உச்ச நீதிமன்றம், ஜென்ம எஸ்டேட்டில் உள்ள காட்டை எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது, அந்த மட்டுக்கும் சட்டம் செல்லாது என்றது. தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1974-இல் பார்லிமென்ட்டில் அரசியல் சட்டத்தையே 34-ஆவது தடவையாகத் திருத்தி, இந்தச் சட்டத்தை முழுசாக ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்துவிட்டார்கள். அந்த அட்டவணை ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே போய்விட்ட சட்டத்தை அடிப்படை உரிமைக்கு விரோதமானது என்று ரத்து செய்ய முடியாது என்றுதான் அப்போது இருந்தது. 1951-இல் ஜமீன் ஒழிப்புக்காக 13 சட்டங்களோடு ஆரம்பித்தது, நல்ல காரணம்தான், அப்புறம் ருசி கண்ட பூனையாகிக் கண்டதையும் போட்டு 284 வரைக்கும் கொண்டுபோனார்கள்.

இப்படிப் பெட்டிக்குள் வைத்ததை எதிர்த்துப் போட்ட வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்பு சொன்னார்கள். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தம் போட்டும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் போன எந்தச் சட்டத்தையும் திறந்து பார்க்கலாம், சமத்துவம், சுதந்திரம், உயிர் என்று அந்த அடிப்படைக் கட்டமைப்பில் கைவைத்திருந்தால் அது செல்லாது. ஐ.ஆர். கோயல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு என்று சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் மனப்பாடம் செய்கிறார்களே, அது நம் ஜென்மச் சட்டத்தில் முளைத்த வழக்கு!

இதில் எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. ஜென்மம் ஒழிந்தது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது, அதை எதிர்த்து நின்றது எஸ்டேட் தரப்பு. அவர்களுக்காக நான் ஏன் சந்தோஷப்பட வேண்டும்? ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனைப் பார். விசாரணை இல்லாமல் சென்னைச் சிறையில் வைத்தார்கள், 1950-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், சட்டம் இருந்தால் மட்டும் போதாது, நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று வாதாடினார், சட்டப்படிதானே பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாதம் செல்லுபடியாக 28 வருஷம் பிடித்தது. அதுவும் யாருக்கு? மேனகா காந்திக்கு. "பொதுநலன் கருதி" பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு காரணம் சொல்ல மறுத்தார்கள், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் வருகிற நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978-இல் தீர்ப்பு வந்தது. கம்யூனிஸ்ட் கேட்டது பெரிய வீட்டு மருமகள் கையில் கிடைத்தது, இன்றைக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற உனக்கும் அதே தீர்ப்புதான். யார் நட்ட பலா என்று பார்த்தா சாப்பிடுகிறோம்?

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். நாலாவது தடவை போனபோதும் கவுன்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் "செக்‌ஷன் 17-க்குக் கிடையாது, மேலிடத்து உத்தரவு" என்றார். அப்படியானால் உத்தரவு நம்பர் கொடுங்கள், மறுப்பதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார். இதே 17-இல் ரோட்டுக்கு மேலே இருக்கிற வீட்டில் பல்பு எரிகிறது, கீழே இருக்கிற எனக்கு இல்லை என்றால் எல்லாரும் சமம் என்கிற அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு என்ன ஆயிற்று என்றும் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. உன் அம்மா வெளியில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மனுவை வாங்கிக்கொண்டார்கள், சீல் போட்ட ரசீது பீரோவில் இருக்கிறது. பதில் வராவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் ரிட், அதாவது அதிகாரிகளுக்கு உத்தரவு போடச் சொல்லி மனு, போடலாம் என்று பழைய வக்கீல் சொல்கிறார், பீஸ் பற்றி இன்னும் பேசவில்லை.

பலா பழுத்துவிட்டது, ராத்திரி யானை வருகிறது, அம்மா பயப்படுகிறாள். வரும்போது நல்ல டார்ச் ஒன்று வாங்கி வா, சார்ஜ் போடுகிறது வேண்டாம், பேட்டரி போடுகிறது.

அப்பா