அண்ணை, ஓகஸ்ட்டில் வராதேங்கோ

அன்புள்ள அண்ணைக்கு,

கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு இந்த வடகிழக்கு நோர்வே மூலைக்கு, வார்டோவுக்கு வாறதென்று முடிவெடுத்திட்டீங்கள். சந்தோசம். ஆனால் டிக்கெட் ஓகஸ்ட் நடுவில். அந்த நேரம் ஹொர்னெயாத் தீவில் லொம்விக் கடற்பறவை ஒன்றுகூட இராது. எச்சம் பூசின பாறையைத்தான் பிள்ளைக்குக் காட்டலாம்.

சுரங்கப்பாதை, கோட்டை, காத்து எல்லாம் உங்களுக்குத் தெரியும். மீன் பக்டரியைப் பற்றி இங்கே எழுதமாட்டன், நாலு பேர் வாசிக்கிற இடம்.

அந்த ஜூலைப் பின்னேரம் நினைவிருக்கோ? பாறைக்குக் கீழே நின்று, லொம்விக் குஞ்சைப் பார்த்து "விழுந்து சாகப்போகுது" என்று கத்தினீங்கள். சாகேல்லை. லொம்வி கூடு கட்டாது. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை, ஒரு பக்கம் கூரானது. குஞ்சுக்கு மூன்று கிழமை ஆகும்போது உடம்பு தாய் தகப்பனில் கால்வாசிதான். பறக்கிற இறகு முளைச்சிராது. அந்த நிலையில்தான் குதிக்கும். கீழே கடலில் இருந்து தகப்பன் கூப்பிடும், குஞ்சு அந்தக் குரலைப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சேரும். பிறகு ஒன்றிரண்டு மாதம் தகப்பன்தான் கடலில் இரை குடுத்து வளர்க்கும். தாய் கொஞ்ச நாள் வெறும் விளிம்பில் நிற்கும். ஏன் என்று அப்போது கேட்டீங்கள், எனக்கு மறுமொழி தெரியாது.

விளிம்பில் நிற்கிறவையை நீங்கள் எப்பவாவது நினைச்சீங்களோ? சரி, விடுங்கோ.

எல்லாத்துக்கும் அடி லொட்டே. வசந்த காலத்தில் அந்தச் சின்ன மீன் முட்டையிடக் கரைக்கு வரும், அதைத் துரத்தி தொர்ஸ்க், அதுதான் கொட் மீன், வரும். நாங்கள் பக்டரியில் கத்தியோடு நின்றது அந்தத் தொர்ஸ்குக்காக. 1980களின் நடுவில் லொட்டேயின் தொகை சரிந்தது. 1986-87 குளிர்காலத்தில் பேரன்ட்ஸ் கடல் லொம்விகள் பட்டினியில் கூட்டம் கூட்டமாய்ச் செத்தன. வருசத்துக்கு ஒரே முட்டை என்றபடியால் மீண்டு வர எத்தனையோ வருசம். 2023இல் பறவைக் காய்ச்சல், க்ரிக்யெ என்கிற கடற்பறவை ஏராளம் செத்தது. "அங்க என்ன இருக்கு" என்று நீங்கள் ஒஸ்லோவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் இங்கே இவ்வளவும் நடந்தது.

கோபத்தில் எழுதுறன் என்று நினைக்காதேங்கோ. மாதத்தை முந்தியே சொல்லியிருக்கவேணும், பிழை என்னிலும்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பன், நீங்கள் கேட்கேல்லை.

ஜூன் கடைசி, அல்லது ஜூலை முதல் இரண்டு கிழமை பாருங்கோ. ஜூலை முற்பகுதி என்றால் குஞ்சு குதிக்கிறதையும் காணச் சாத்தியம் கூட. சூரியன் அப்போது மறையாது. மணி ஒஸ்லோ மணிதான், ஆனால் இது கிழக்கு 31 பாகை, இஸ்தான்புலுக்கும் கிழக்கே. உச்சி வெயில் உங்களுக்கு வர ஏறக்குறைய 80 நிமிடம் முந்தி எங்களுக்கு வந்திடும். பிள்ளைக்கு இது பிடிக்கும்.

துறைமுகத்தில் இருந்து தீவுக்குப் படகு பத்து நிமிடம். அலை கூடினால் போகாது, அதனால் இரண்டு நாளாவது கூட வையுங்கோ. கோடை என்று நம்பி மெல்லிசு உடுப்போடு வராதேங்கோ, ஜூலைச் சராசரியே 10 பாகை அளவில்தான். காத்து புகாத மேலுடுப்பு, வழுக்காத சப்பாத்து, எச்சத்துக்குத் தொப்பி. குடை இங்கே ஒரு நாளும் உதவாது. பாதையை விட்டு இறங்க வேண்டாம், லுண்டேப் பறவை மண்ணுக்குள்ளேதான் பொந்து தோண்டியிருக்கும், கால் வைச்சால் இடியும்.

டிக்கெட் மாத்திற காசு நான் அனுப்புறன். அண்ணிக்குச் சொல்லத் தேவையில்லை. இதை அவ வாசிச்சிட்டா என்றால், அண்ணி, நீங்களும் வாங்கோ.

உங்கள் தம்பி