செயலாளரின் ஆண்டறிக்கை: மலெஸ்ஸோ, குவாம், 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் ஜப்பானிய ஆக்கிரமிப்பிலிருந்து, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட பசிபிக் தீவான குவாம் மீண்டு 80 ஆண்டுகள் நிறைவுற்ற 2024இல் நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

அமெரிக்கப் படை கரையிறங்கிய ஜூலை 21ஐத் தீவு முழுவதும் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. அக்கொண்டாட்டத்தில் நாமும் முழுமனதோடு பங்கேற்கிறோம். ஆயினும் தீவின் தென்கோடி ஊரான நம் மலெஸ்ஸோவின் மக்களுக்கு அதற்கு முந்தைய ஆறு நாட்களே பெரியவை. 1944 ஜூலை 15 அன்று ஜப்பானியப் படையினர் நம் ஊரார் 30 பேரை டிண்டா குகைக்குள் அடைத்துக் கையெறிகுண்டுகளை வீசினார்கள்; 16 பேர் மாண்டனர், சடலங்களுக்கிடையே அசைவற்றுக் கிடந்த 14 பேர் உயிர் பிழைத்தனர். மறுநாள் உடல்வலு மிக்க 30 ஆண்கள் ஃபாஹா என்ற இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; ஒருவரும் திரும்பவில்லை. ஜூலை 20 அன்று அடாடே முகாமில் ஹோசே ரெய்யெஸ் தலைமையில் ஊராரே ஜப்பானியக் காவல் வீரர்களை எதிர்த்து வென்று தம்மை விடுவித்துக்கொண்டார்கள். குகைகளில் இறந்தோருக்கு ஆண்டுதோறும் திருப்பலி நிறைவேறுகிறது. அடாடேயில் எழுந்து நின்றவர்களின் செயலோ ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. இது சரியன்று என்பதே நிர்வாகக் குழுவின் கருத்து.

ஜூலை மழைக்காலம் என்பதால் டிண்டா செல்லும் பாதை இவ்வாண்டும் சேறாகவே இருந்தது. இளைஞர்கள் முன்கூட்டியே புதர் வெட்டி, வழுக்கும் இடங்களில் கயிறு கட்டியிருந்தனர். ஏற இயலாத முதியோர் அடிவாரத்தில் அமர்ந்தே ஜெபமாலை சொன்னார்கள். வழிபாட்டுக்குப் பின் பெண்கள் அச்சோட்டே விதையால் சிவந்த சோறு பரிமாறினர். உதவிய அனைவருக்கும் நன்றி.

போரின்போது சிறுவராயிருந்தவர்களே இன்று நம்மிடையே எஞ்சியுள்ள சாட்சிகள். அவர்களுக்கும் எண்பது வயது கடந்துவிட்டது. ஆகவே இவ்வாண்டு நிதியின் பெரும்பகுதியை அவர்களது நினைவுகளைச் தீவின் பூர்வகுடி மொழியான சமோரோவிலேயே ஒலிப்பதிவு செய்யச் செலவிட்டோம். குண்டும் குகையும் பற்றி மட்டும் கேட்காமல், பள்ளியில் கட்டாயமாகக் கற்ற ஜப்பானியப் பாட்டு, வயலில் கூலியின்றி உழைத்த தாய், ஒளித்து வைத்த உணவு ஆகியவற்றையும் கேட்கும்படி பதிவாளர்களிடம் வலியுறுத்தியுள்ளோம். பேச மறுப்பவரை வற்புறுத்துவதில்லை என்பதும் நம் விதி.

இழப்பீடு குறித்துச் சிலர் வினவினர். ஆக்கிரமிப்பில் தப்பிப்பிழைத்தோருக்கான அமெரிக்கச் சட்டம் 2016 டிசம்பரில்தான் நிறைவேறியது. பணம் வழங்கும் பணி 2020இல் தொடங்கியது. கட்டாய நடைப்பயணத்துக்கும் முகாம் வாழ்வுக்கும் தலைக்கு 10,000 டாலர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, அதற்குள் கண்மூடியவர்கள் எத்தனையோ பேர். அவர்களது பெயர்களையும் நம் பதிவேட்டில் சேர்ப்பது நம் கடமை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அடுத்த ஆண்டு முதல் ஜூலை 20ஐ அடாடே நாளாக ஊர் அளவில் கடைப்பிடிக்க வேண்டும் என்றும், அன்று பிழைத்தோரின் குடும்பத்தாரே நிகழ்ச்சியை முன்னின்று நடத்த வேண்டும் என்றும் நிர்வாகக் குழு தீர்மானம் கொண்டுவந்துள்ளது. அதனைப் பொதுக்குழு விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்