படகு மெருகு வேலை: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். நம் படகு மெருகு முடிந்து மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டது. 85,000 ரூபாய்க்கு ஒப்புதல் வாங்கிவிட்டு 1,04,500 எப்படி ஆனது, வேலையைப் பாதியில் ஏன் நிறுத்தினீர்கள் என்று பலர் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தது இது: பழைய மெழுகை எடுப்பது, வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) 1000, 1500, 2000 என்று படிப்படியாக நைசாக்கித் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது, அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை, பாலிஷ், கடைசியில் வேக்ஸ். வலப்பக்கம் அப்படியே செய்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. இடப்பக்கத்தில் வாட்டர் பேப்பரைத் தொடவே இல்லை. அக்டோபர் மாத உச்சி வெயிலில், கம்பளி பேடு மாட்டிய பஃபிங் மெஷினை முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். சூடேறிய பரப்பில் காம்பவுண்ட் தன் வேலையைச் செய்வதற்குள் காய்ந்துவிடும். சாயங்காலம் போய்ப் பார்த்தவர்கள் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷமாகத் திரும்பினார்கள். நம் உறுப்பினர் டோம்பிவிலிக்காரருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பழைய பனியன் துணியை அசிட்டோனில் நனைத்து ஒரு சாண் அகலத்துக்குத் துடைத்தார். பளபளப்பு துணியோடு வந்துவிட்டது. அடியில் அதே வெளிறிய நீலம், விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடி, அதன்மேல் வட்ட வட்டமாக மெஷின் கீறல். சிலிக்கான் கலந்த பாலிஷைத் தடவி எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள். இது போதாதென்று அமரத்தின் (படகின் பின்பக்கம்) மூலையில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஜெல்கோட் என்ற நிற மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்து பைபர் நெசவு வெளியே தெரிந்தது.

ஜெல்கோட்டின் மொத்தக் கனமே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு மெருகும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், போனது போனதுதான். ஏற்கெனவே பலமுறை தேய்த்த பழைய படகு இது. அதனால் அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொன்னோம், பாக்கிப் பணத்தையும் பிடித்து வைத்தோம். அதைத்தான் சிலர் தேவையில்லாத சண்டை என்கிறீர்கள். இன்றைக்கு நடந்தாலும் குழு இதையேதான் செய்யும்.

"மொத்தமாகப் பியூ பெயின்ட் அடித்துவிடலாம், சார்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னதும் (பியூ என்றால் பாலியூரிதேன், இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது), அதை உறுப்பினர் சிலர் ஆதரித்ததும் உண்மை. நாங்கள் மறுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜெல்கோட் நன்றாக இருக்கும்போது அதைப் பெயின்டால் மூடினால், அப்புறம் ஒவ்வொரு உரசலுக்கும் பெயின்டைத் தேடி ஓட வேண்டும். அந்தச் சிலிக்கான் ஒரு துளி மிச்சமிருந்தாலும் பெயின்ட் அங்கே ஒட்டாமல் குழி குழியாக விலகும். தவிர, அந்த இரண்டு டப்பா பெயின்டை ஸ்ப்ரே அடித்தால் ஐசோசயனேட் நஞ்சு காற்றில் பறக்கும். வெளிக்காற்று தரும் முகமூடி இல்லாமல் முகத்தில் கைக்குட்டை கட்டிய பையன்களை அந்த வேலையில் நிறுத்த எங்களுக்குச் சம்மதமில்லை.

கடைசியில் சமரசம் ஆனது. மூலையை ஒப்பந்தக்காரர் தன் செலவிலேயே சரி செய்தார். வெளிறிய இடத்தைப் பார்க்காமல், மெருகு முடிந்த வலப்பக்கத்தைப் பார்த்து நிறம் கலந்து பூசி, காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேல்பரப்பு பிசுபிசுவென்றே நின்றுவிடும் என்பதால் பிளாஸ்டிக் தாள் ஒட்டி இறுகவிட்டார்கள். இடப்பக்கம் முழுவதையும் முதலிலிருந்து, காலை வேளையில், தார்ப்பாய் நிழலில் செய்ய வைத்தோம். கூடுதலான 19,500 ரூபாயில் 11,000 படகை நிறுத்திய யார்டின் வாடகை, மீதி 8,500 சிலிக்கான் எடுக்கும் கரைப்பான், வாட்டர் பேப்பர், பேடு.

அடியில் ஒட்டி வளரும் சிப்பி வகையான கொட்டலசைச் சுரண்டியது, நீர்மட்ட மஞ்சள் கறையை ஆக்சாலிக் அமிலத்தால் எடுத்தது, அடிப்பகுதிக்கு அது மறுபடி ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிபௌலிங் பெயின்ட் பூசியது, மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டிகள் மாற்றியது எல்லாம் முடிந்தது.

வேக்ஸுக்குப் பதில் செராமிக் மேல்பூச்சு ஏன் போடவில்லை என்று வாஷி அன்பர் மூன்று தரம் கேட்டிருக்கிறார். புது மூலை நன்றாக இறுகட்டும், அடுத்த மழைக்காலத்துக்கு முன் படகைக் கரையேற்றும்போது பார்க்கலாம் என்று முடிவு. அதுவரை வேக்ஸ்தான். மும்பை வெயிலுக்கு அது சில மாதம்தான் தாங்கும், மறுபடி போட வேண்டும்.

இந்த வேலைக்குத் தாராளமாகக் கொடுத்தவர்கள்: மாட்டுங்கா மளிகைக்கடை அண்ணாச்சி, செம்பூர் டாக்டரம்மா, முலுண்ட் வங்கி சார், சயான் அக்கா தங்கை இருவர், தாராவி தோல்கடைத் தம்பி, பெயர் வேண்டாமென்ற காட்கோபர் தம்பதி. பாண்டுப் மாமி வேலை நடந்த நாளெல்லாம் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார், அதற்கு ரசீது கிடையாது, நன்றி உண்டு.

பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டவே வேண்டாம், வேக்ஸை அது எடுத்துவிடும். எல்லா பில்லும் ஒரே ஃபைலில் பொருளாளரிடம் இருக்கிறது, எந்த ஞாயிறும் வந்து பார்க்கலாம்.